பதினொரு பேரும் ஒரே வண்டியில்

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு பையன் நன்றாகப் பந்து போட்டால், அவனைப் பற்றிய பேச்சு கொஞ்ச நேரத்தில் சேப்பாக்கத்தில் போய் நிற்கும். "அவன்லாம் சேப்பாக்கத்துல ஆட வேண்டிய பய" என்று குளத்தங்கரையில் உட்கார்ந்து மேட்ச் பார்க்கும் பெரியவர் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் தலையை ஆட்டுவார். பாராட்டும் ஆற்றாமையும் பாதிப்பாதி கலந்த பேச்சு அது. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் அதில் குறை எதுவும் தெரிவதில்லை. சற்று நின்று யோசித்தால் ஒன்று உறுத்துகிறது. அந்தப் பேச்சில் எப்போதும் ஒரே ஒருவன்தான் சேப்பாக்கம் போகிறான். அவனுக்கு எதிர் முனையிலிருந்து ஓவர் போடுகிறவன், அவன் பந்தில் முள்ளுக்குள் பாய்ந்து கேட்ச் பிடிக்கிறவன், பகலெல்லாம் விசைத்தறியில் நின்றுவிட்டுச் சாயங்காலம் விக்கெட் கீப்பிங் செய்கிறவன், பேட்டும் ஸ்டம்பும் வாங்க வசூலுக்கு அலைகிறவன் என்று மற்றப் பத்துப் பேரும் கரையிலேயே நின்றுவிடுகிறார்கள். இந்த டீம் அப்படியே போய் சேப்பாக்கத்தில் ஒரு நாள் ஆட வேண்டும் என்று எவரும் ஆசைக்குக்கூடச் சொல்வதில்லை. ஆசைப்படவும் ஒரு தடம் வேண்டியிருக்கிறது போலும். ஒற்றை ஆளுக்கு அந்தத் தடம், எவ்வளவு குறுகலானாலும், இருக்கிறது. அணிக்கு இல்லை.

இந்தப் பக்கத்து ஆட்டம் பல ஊர்களில் குளத்துக்குள்தான் நடக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் பெருகிய குளம் மாசி, பங்குனியில் வற்றத் தொடங்கும். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க ஆட்டம் உள்ளே இறங்கும். சித்திரையில் குளம் முழுக்க மைதானம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் பிட்ச் இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். அடுத்த வருடம் இடத்தைத் தேடிப் பிடித்து மறுபடியும் செதுக்க வேண்டும். கரிசல் மண்ணோடு ஆடுவது லேசில்லை. ஈரமாக இருந்தால் செருப்போடு அப்பிக்கொண்டு காலை விடாது. காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதனால் பிட்ச்சுக்கு மட்டும் சரள் மண் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். முந்தின நாள் ராத்திரி தண்ணீர் தெளித்து, வரிசையாக நின்று காலால் மிதித்து, தண்ணீர் நிரப்பிய டிரம்மை உருட்டி இறுக்குகிறார்கள். அப்படியும், குத்தி எழும் பந்து என்ன செய்யும் என்பது போட்டவனுக்கே தெரியாது. தரையை நம்ப முடியாத இடத்தில், தரையில் படாமல் நேரே காலடிக்குப் போகும் பந்துதான் நம்பிக்கையான பந்து. கிராமத்துப் பந்துவீச்சாளர்களிடம் யார்க்கர் இவ்வளவு நன்றாக விழுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

காற்று இன்னொரு கணக்கு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கிழக்கே இறங்கி வரும் காற்றை நம்பித்தான் வட்டாரம் முழுக்கக் காற்றாலைகள் நிற்கின்றன. ஒரு டென்னிஸ் பந்தின் எடை 56 கிராமிலிருந்து 59.4 கிராம் வரை. தோல் பந்து 156 கிராமுக்குக் குறையாது. ஆடித் தபசுக்கு ஊர் நிறையும் மாதத்தில் அந்த லேசான பந்து காற்றுக்குக் கட்டுப்பட்டுத்தான் போகும். "ஏல, காத்து மேக்க இருந்து அடிக்கி, நீ அந்த எண்டுக்குப் போ" என்று கேப்டன் சொல்வதில் எந்தப் பயிற்சி முகாமிலும் சொல்லித்தராத ஒரு நுட்பம் இருக்கிறது. மேற்கிலிருந்து போடும் பந்து, பேட்ஸ்மேன் மட்டையைத் தூக்குவதற்குள் வந்துவிடும். கிழக்கிலிருந்து மெதுவாகத் தூக்கிப் போட்டால் பாதி வழியில் தயங்கும். மேற்கே தூக்கி அடிக்கிறவன் ஆறு என்று நினைத்துக் கையை உயர்த்தும்போது, பந்து கரைக்கு இந்தப் பக்கமே யாராவது ஒருவன் கைக்குள் இறங்கியிருக்கும். எந்தப் பக்கம் கருவேல முள் அதிகம், எந்த இடத்தில் பந்து வெடிப்பில் மாட்டி நிற்கும், எந்த நேரத்தில் வெயில் கீப்பரின் கண்ணில் அடிக்கும் என்பதெல்லாம் அந்தப் பதினொரு பேருக்கும் சேர்ந்து தெரிந்த விஷயங்கள். தனியே ஒருவனிடம் அந்த அறிவு முழுதாக இருப்பதில்லை. அவனை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனால் அதில் பெரும்பகுதி இங்கேயே தங்கிவிடும்.

இப்படிப்பட்ட ஆட்டம் சேப்பாக்கத்தில் என்ன ஆகும் என்ற சந்தேகம் நியாயமானது. 1916-இல் அமைந்த மைதானம் அது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று அங்கேதான் தொடங்கி, மெட்ராஸும் மைசூரும் மோதி, ஒரே நாளில் முடிந்தும் போனது. இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1952-இல் அங்கேதான் பெற்றது. வினூ மன்கட் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட் எடுத்தார். 1986-இல் ஆஸ்திரேலியாவோடு டெஸ்ட் சமனில் முடிந்ததும், 1999-இல் இந்தியா 12 ரன்னில் தோற்ற பிறகும் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியதும் அங்கேதான். இவ்வளவும் நடந்த தரையில் குளத்து ஆட்டக்காரன் கால் வைத்தால் அவனுடைய காற்றுக் கணக்கும் முள் கணக்கும் உதவாது. புல்தரையில் பந்து சீராக ஓடும், சுற்றிலும் கேலரி காற்றை மறைக்கும். அவன் சாதாரண ஆட்டக்காரனாகத் தெரிவான் என்று பயப்படலாம். ஆனால் பெரிய மைதானங்களும் தங்கள் ஊர்க் குணத்தை விட்டுவிடவில்லை. லண்டன் லார்ட்ஸ் மைதானம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் சரிவானது. உலகத்தின் மிகப் பேர்பெற்ற ஆடுகளத்தில் பந்து சரிவோடு உள்ளே வரும், அல்லது சரிவோடு வெளியே போகும். இத்தனை காலமும் யாரும் அதைச் சமப்படுத்தவில்லை. அதற்கேற்பப் பந்து போடக் கற்றுக்கொள்வதுதான் அங்கே திறமை. சேப்பாக்கத்திலும் செம்மண் பிட்ச் உண்டு, கறுப்பு மண் பிட்ச் உண்டு. இரண்டும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. கறுப்பு மண் காய்ந்தால் என்ன செய்யும் என்று சங்கரன்கோவில் பையனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சேப்பாக்கம் இந்த ஊர்களுக்கு முதலில் காது வழியாகத்தான் வந்தது. தைப் பொங்கலை ஒட்டி அங்கே டெஸ்ட் நடப்பது ஒரு காலத்தில் வழக்கம். 'பொங்கல் டெஸ்ட்' என்றே பெயர். அதே நாட்களில்தான் ஊர்களில் பொங்கல் விளையாட்டுப் போட்டிகளும். வானொலியில் தமிழ் வர்ணனை கேட்டவர்களுக்கு அப்துல் ஜப்பாரின் குரல் நினைவிருக்கும். சாத்தான்குளத்துக்காரர், 2020 டிசம்பரில் மறைந்தார். தென்கோடியிலிருந்து போன ஒரு குரல் சென்னையின் ஆட்டத்தைத் திரும்பத் தென்கோடிக்கே கொண்டுவந்து சேர்த்தது. டிரான்சிஸ்டர் ஒரு பக்கம், தென்னை மட்டையில் செதுக்கிய பேட் ஒரு பக்கம் என்று வளர்ந்த தலைமுறைக்கு அங்கே நடப்பதும் இங்கே நடப்பதும் ஒரே ஆட்டம் என்ற எண்ணம் இருந்தது. இன்று கைப்பேசியில் எல்லா ஆட்டமும் தெரிகிறது. கிராமத்து டோர்னமென்ட்டையே யூடியூபில் நேரலையாக ஓடவிடுகிறார்கள். நினைவுக் கோப்பை, நுழைவுக் கட்டணம், முதல் பரிசு கொடுப்பவரின் படம் போட்ட ஃப்ளெக்ஸ், மைக்கில் ஓயாத வர்ணனை, பேட்டிங் அணியிலிருந்து வந்து நிற்கும் அம்பயரிடம் "அண்ணாச்சி, அது வைடா?" என்று கேட்டு முடியாத சண்டை எல்லாம் திரையில் வருகின்றன. பார்ப்பது இவ்வளவு எளிதான பிறகும், இந்த ஆட்டத்துக்கும் அந்த மைதானத்துக்கும் நடுவில் உள்ள தூரம் குறைந்ததாகத் தெரியவில்லை.

இந்தத் தூரத்தை வேறு மாதிரி கடந்த ஒரு நாடு உண்டு. இங்கிலாந்தில் 1972-இல் 'தி கிரிக்கெட்டர்' இதழ் ஊர் அணிகளுக்கென்று ஒரு கோப்பையைத் தொடங்கியது. நாடெங்குமிருந்து நூற்றுக்கணக்கான ஊர்கள் கோடை முழுக்க ஆடும். கடைசியில் மிஞ்சும் இரண்டு ஊர்கள் லார்ட்ஸில் மோதும். முதல் வருடம் ஜெயித்தது கார்ன்வாலில் உள்ள ட்ரூன் என்ற சிற்றூர். மறுவருடமும் அவர்களே, பிறகு 1976-இலும் அவர்களே. 1985-இல் ஸ்காட்லாந்தின் ஃப்ரூக்கி ஊர் அணி பேக்பைப் இசை முழங்க லார்ட்ஸுக்குள் நடந்து போனது. எதிரே ரௌலெட்ஜ் என்ற ஊர். இரண்டு அணியும் 134 ரன். ரௌலெட்ஜ் எல்லா விக்கெட்டையும் இழந்திருந்தது, ஃப்ரூக்கி எட்டைத்தான் இழந்திருந்தது. அந்த இரண்டு விக்கெட்டில் கோப்பை ஸ்காட்லாந்துக்குப் போனது. 1990-இல் கோட்டேக்கர் ஊரின் கெவின் ஐல்ஸ் அதே மைதானத்தில் 39 பந்தில் சதம் அடித்தார். இவர்களில் எவரும் அதற்குப் பிறகு இங்கிலாந்து அணிக்குப் போய்விடவில்லை. போக வேண்டும் என்பதற்காக அந்தக் கோப்பை நடத்தப்படவும் இல்லை. ஊர் அணி ஒன்று பெரிய மைதானத்தில் ஒரு நாள் ஆடிவிட்டு, அடுத்த வாரம் தன் ஊர் மைதானத்துக்கே திரும்பிவிடுகிறது. அந்த ஒரு நாளை யாரும் தேர்வுப் போட்டியாகக் கருதுவதில்லை என்பதே அதன் அழகு.

லார்ட்ஸும் தாராள மனசோடு எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்ட இடமில்லை. ஈட்டன், ஹாரோ என்ற இரண்டு பணக்காரப் பள்ளிகளின் ஆட்டம் 1805 முதல் லார்ட்ஸ் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மைதானத்தைப் பலருக்கும் பகிரலாம் என்று சொல்லி, லார்ட்ஸை நடத்தும் எம்.சி.சி. கிளப் 2022-இல் அந்த ஆட்டத்தை வருடாந்தரப் பட்டியலிலிருந்து எடுக்கப் பார்த்தது. உறுப்பினர்கள் திரண்டு எதிர்த்ததும் 2027 வரையாவது தொடரட்டும் என்று இறங்கி வந்தது. பேர்பெற்ற மைதானத்தின் ஒரு நாள் என்பது பரம்பரைச் சொத்தைப் போல யாரிடமோ இருக்கிறது. கேட்காமல் அது கைமாறாது. சேப்பாக்கத்தின் நிலம் தமிழ்நாடு அரசுக்குச் சொந்தம். கிரிக்கெட் சங்கம் குத்தகைக்குத்தான் வைத்திருக்கிறது. அப்படியானால் அதில் ஒரு நாள் கேட்க ஊர்களுக்கு உரிமை இல்லையா என்ற கேள்வி, உணர்ச்சி வேகத்தில் கேட்கிற கேள்வியாக மட்டும் இருக்க முடியாது.

தமிழ்நாட்டில் கிராமத்திலிருந்து பெரிய மைதானத்துக்குப் போன கதை என்றால் எல்லோரும் சொல்வது த. நடராஜனைத்தான். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்தவர். ஜெயபிரகாஷ் என்ற ஊர்க்காரர் அவரைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். அந்த நன்றிக்காக நடராஜன் தன் சட்டையில் 'ஜேபி நட்டு' என்று எழுதிக்கொண்டார். சென்னை லீக், 2015-இல் ரஞ்சி, 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் எனும் டிஎன்பிஎல், 2017-இல் ஐபிஎல்லில் மூன்று கோடி ரூபாய் ஏலம் என்று படிப்படியாக ஏறி, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேன் காபா மைதானத்தில் டெஸ்ட் தொப்பி வாங்கினார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். முதல் இன்னிங்ஸில் 108 ரன் எடுத்திருந்த லபுஷேனை வீழ்த்தியது அவர்தான். அந்தக் கதையில் கண் கலங்காதவர் குறைவு. ஆனால் அதிலும் போனது ஒருவர்தான். அவரோ அதோடு நிற்கவில்லை. தன் ஊரிலேயே ஒரு மைதானம் கட்டி, 2023 ஜூனில் திறந்தார். புல்தரையும் முறையாகப் போட்ட பிட்ச்சும் உள்ள மைதானம். ஊர் அணி பெரிய மைதானத்துக்குப் போக வழியில்லை, சரி, மைதானத்தையே ஊருக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று அவர் முடிவெடுத்தது போல இருக்கிறது. தனி ஒருவர் தன் சம்பாத்தியத்தில் செய்த வேலை இது. அதைப் பாராட்டும்போதே, ஒரு மாநிலம் செய்ய வேண்டியதை ஒரு பந்துவீச்சாளரின் தோள்பட்டை செய்திருக்கிறது என்ற வருத்தமும் வருகிறது.

சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துப் பெரிய மைதானம் சேப்பாக்கம் அல்ல. திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தில், சங்கர் நகரில், இந்தியா சிமெண்ட்ஸ் ஆலையை ஒட்டிய மைதானம். ஆலையை நிறுவிய சங்கரலிங்க ஐயரின் பெயரில் அமைந்த குடியிருப்பு அது. 2016-இல் டிஎன்பிஎல் தொடங்கியதிலிருந்து அங்கே விளக்கொளியில் ஆட்டம் நடக்கிறது. சாயங்காலம் பைக்கில் மூன்று பேராக ஏறிக் கிளம்பி, ஆட்டம் முடிந்து நடுராத்திரி ஊர் திரும்பும் பையன்கள் கண்ணால் பார்க்கிற முதல் பெரிய மைதானம் அதுதான். கேலரியில் உட்கார்ந்திருக்கும் அவர்களில் பாதிப் பேர் அடுத்த நாள் காலையில் குளத்துக்குள் ஆட நிற்பார்கள். மாவட்ட அணித் தேர்வுக்குப் போனவனும் அந்தக் கூட்டத்தில் இருப்பான். தோல் பந்து, பேட், கால்காப்பு, கையுறை, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து வாங்க முடியாமல் திரும்பியவனும் இருப்பான். 2024-இல் அரசு ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுக்கத் தொடங்கியது. அதில் கிரிக்கெட் சாமானும் உண்டு. பேட் ஊருக்கு வந்துவிட்டது. அந்த பேட்டோடு பதினொரு பேரும் சேர்ந்து எங்கே போவது என்பதற்குத்தான் பதில் இல்லை.

இந்த இடத்தில் இன்னொரு சந்தேகம் குறுக்கே வருகிறது, அது லேசானதல்ல. எந்தப் பதினொரு பேர்? தெற்கத்தி ஊர்களில் 'ஊர் டீம்' என்பது பல நேரங்களில் ஒரு தெருவின் டீம்தான். கீழத்தெருப் பையன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் மேலத்தெரு டீமில் இடம் இருக்காது; அவர்களுக்குத் தனி டீம், தனிப் பெயர், சில ஊர்களில் ஆடும் இடமும் தனி. 2024-இல் வந்த 'லப்பர் பந்து' படத்தை ஊர்க்காரர்கள் அவ்வளவு கொண்டாடியதற்குக் காரணம், டென்னிஸ் பந்து ஆட்டத்தை அதன் வாசனையோடு காட்டியது மட்டுமில்லை. திறமை இருந்தும் அணியில் சேர்க்கப்படாதவனின் கோபத்தை நேராகச் சொன்னதும்தான். கிரிக்கெட்டில் இது புதிதும் அல்ல. புனேவில் வெள்ளைக்காரர்களின் மைதானத்தில் உருளை இழுத்துக்கொண்டிருந்த தலித் வீரர் பல்வங்கர் பாலு, 1911-இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூற்றுக்கு மேல் விக்கெட் எடுத்தார். அவருக்கு இந்து அணியின் தலைமை கடைசிவரை தரப்படவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923-இல் கிடைத்தது. இங்கிலாந்தின் ஊர்க் கோப்பை, எது ஊர் என்பதற்கு மக்கள்தொகை வரம்பு வைத்து, சுற்றிலும் திறந்தவெளி வேண்டும் என்று விதி எழுதிக்கொண்டது. இங்கே அந்த விதி போதாது. ஊரின் எல்லாத் தெருவிலிருந்தும் ஆட்கள் இருந்தால்தான் அது ஊர் அணி என்று எழுத வேண்டியிருக்கும். பெண்கள் ஆடும் ஊர்களில் அவர்களையும் எண்ண வேண்டும். அப்படி எழுதினால் சில ஊர்கள் அணியே அனுப்பாமல் போகலாம். அனுப்புகிற ஊர்கள் வேறு ஊர்களாகிவிடலாம் என்று நம்பவும் இடமிருக்கிறது. சேர்ந்து ஆடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் துணிச்சல்தான் வரவில்லை. ஒரே டீமில் ஆடிவிட்டுத் தனித்தனி டீக்கடைக்குப் போவதும் நடக்கக்கூடியதுதான்.

டென்னிஸ் பந்து ஆட்டம் ஏற்கெனவே ஒரு ஸ்டேடியத்துக்குள் போய்விட்டது. 2024 மார்ச்சில் தானேயின் தாதோஜி கொண்டதேவ் மைதானத்தில் 'இந்தியன் ஸ்ட்ரீட் பிரீமியர் லீக்' நடந்தது. சென்னை அணியை நடிகர் சூர்யா வாங்கியிருந்தார். தெருவிலும் வயல்வெளியிலும் ஆடியவர்கள் விளக்கொளியில் ஆடினார்கள். ஆனால் அங்கேயும் தேர்வு வைத்து, ஏலம் போட்டு, ஆளைத் தனித்தனியே பிரித்தெடுத்துத்தான் அணி கட்டினார்கள். யாரும் தன் ஊர்க்காரனோடு சேர்ந்து போகவில்லை. சேப்பாக்கத்தில் ஊர்களுக்கு ஒரு நாள் கிடைத்தாலும் இதே மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம் இருக்கிறது. விளம்பரதாரர் வருவார், திறமையாளர் தேடல் என்று ஒரு பெயர் வைப்பார், கீப்பிங் செய்யும் தறிக்காரரை விட்டுவிட்டு அடுத்த நடராஜனை மட்டும் கேமரா தேடும். எந்தப் பந்தில் ஆடுவது என்பதிலேயே அது தொடங்கிவிடும். தோல் பந்துதான் என்றால், போகிற ஊர்களில் முக்கால்வாசி முதல் சுற்றிலேயே விலகிக்கொள்ளும். டென்னிஸ் பந்து என்றால், அது கிரிக்கெட்டே இல்லை என்று சங்கத்தில் சிலர் சொல்வார்கள். அந்த வாதத்தில் ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. அவர்கள் வளர்த்தெடுத்த ஆட்டம் அந்தப் பந்தில்தான் இருக்கிறது.

மற்றபடி ஏற்பாடு பெரிதில்லை. செங்கோட்டையிலிருந்து வரும் பொதிகை எக்ஸ்பிரஸ் சங்கரன்கோவிலில் நிற்கும். சனிக்கிழமை சாயங்காலம் தறியை நிறுத்திவிட்டு ஏறினால் விடியும்போது சென்னை. பகலில் ஆட்டம். ராத்திரி அதே வண்டியில் ஏறினால் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போய்விடலாம். அணியின் பட்டியலை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ரயில் டிக்கெட்டுக்கும் வேண்டும், மைதானத்துக்கும் வேண்டும். அந்தத் தாளில் எந்தெந்தத் தெருவிலிருந்து யார் யார் பெயர் வரும் என்பதைச் சென்னையில் யாரும் முடிவு செய்ய முடியாது. ஊரில் எல்லோரும் உட்கார்ந்து பேசித்தான் எழுத வேண்டும்.